வாசகர் கேள்வி பதில்: கல் நந்தி எத்தனை தரம் புல் தின்றது?

இளையோருக்கான மாயப் புனைவு நாவல்கள் தொடக்கத்தில் கொடுக்கும் வாக்கைப் பெரும்பாலும் முடிவில் காப்பாற்றுவதில்லை என்று சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு உடன்பட்டும் மறுத்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாக்கிப் பதில் தருகிறேன்.

சேர், தொடர் நாவல்களின் முதற் பாகத்தை இரவிரவாக வாசித்து முடிக்கிறேன். மூன்றாம் பாகத்துக்கு வரும்போது அலுத்துவிடுகிறது. கதையில் ஆபத்துக் கூடிக்கொண்டே போகிறது. எனக்கோ பயம் குறைகிறது. பிழை என்னிலா, நாவலிலா?
*– உயர்தர வகுப்பு மாணவி, களுவாஞ்சிக்குடி*

பிழை உங்களில் இல்லை, பிள்ளை. எதிரியின் பருமனைப் பார்த்து வாசகருக்குப் பயம் வருவதில்லை; நாயகனால் இன்னது முடியாது என்று தெரிந்திருக்கும்போதுதான் வருகிறது. முதற் பாகத்தில் அவனால் முடியாதவை நிறைய இருக்கின்றன. ஒரு மந்திரத்தைப் படிக்க நாற்பது பக்கம் எடுக்கிறான், படித்ததையும் பதற்றத்தில் மறந்துபோகிறான். மூன்றாம் பாகத்துக்குள் எழுத்தாளர் அவனுக்கு ஒரு வாளையும் ஒரு பறவையையும் முன்னோரின் ஆசியையும் கொடுத்துவிடுகிறார். கொடுத்ததை ஈடுகட்ட எதிரிக்கும் அதே அளவு கொடுக்கவேண்டியதாகிறது. அதன்பின் கதை ஏலம் கூறுவதுபோல் ஆகிவிடுகிறது: ஒருவர் கூட்ட மற்றவரும் கூட்டுகிறார், பார்த்திருப்பவர் கொட்டாவி விடுகிறார்.

நமது மட்டக்களப்பு மாவட்டத்தின் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தின் ஐதிகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோயிலை அழிக்க வந்த போர்த்துக்கேயர், இந்தக் கல் நந்தி புல் தின்னுமா என்று ஏளனமாகக் கேட்க, நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் இட்டது என்பார்கள். இந்தக் கதையை எனக்குச் சொன்ன அம்மம்மாவிடம், "பிறகு எப்ப எழும்பினது?" என்று கேட்டேன். "பிறகு ஏன் மனே எழும்ப வேணும்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். நந்தி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எழுந்து மேய்ந்திருந்தால் அதைப் பட்டியில் கட்டியிருப்பார்களேயன்றிக் கதையாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்தச் சாணத்தையும் கவனியுங்கள். கல் தின்றது என்பதோடு நிறுத்தாமல், தின்றதற்கு அடையாளம் நிலத்தில் கிடந்தது என்று கதை சொன்னவர் சேர்த்த அந்த ஒரு சொல்லில்தான் கேட்டவர் நம்பத் தொடங்குகிறார்.

புகழ்பெற்றவர்களும் இதிலே சறுக்கியிருக்கிறார்கள். ஹரி பொட்டர் தொடரில் 1999 இல் வெளிவந்த மூன்றாம் நூலில், காலத்தைச் சில மணித்தியாலம் பின்னோக்கித் திருப்பும் ஒரு சிறு கருவி வருகிறது. அந்த நூலின் முடிச்சு அதைக் கொண்டே அவிழ்கிறது, அழகாகவே அவிழ்கிறது. ஆனால் அதற்குப் பிறகு தொடரில் எவர் இறந்தாலும், அந்தக் கருவியைக் கொஞ்சம் திருப்பினால் என்ன என்ற கேள்வி வாசகரின் வாயில் வந்து நிற்கிறது. 2003 இல் வந்த ஐந்தாம் நூலில், மந்திர அமைச்சிலிருந்த அத்தகைய கருவிகள் எல்லாம் ஒரு சண்டையில் உடைந்து போகின்றன. தாம் திறந்துவைத்த கதவை ஆசிரியரே ஆணியடித்து மூடினார் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். முதல் நூலின் பிரித்தானியப் பதிப்பு 223 பக்கங்கள், ஐந்தாவது 766 பக்கங்கள். பருமன் குற்றமில்லை, ஆயினும் இரண்டாம் வாசிப்பில் நான் தாவிச் சென்ற பக்கங்கள் பெரும்பாலும் ஐந்தாம் நூலில்தான் இருந்தன.

இறந்தவரை மீட்டுக் கொண்டுவருவது எல்லாவற்றிலும் மோசமான ஏமாற்று. ஒரு பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் நம்மை அழவைத்துவிட்டு, அடுத்த பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் அவர் உண்மையில் சாகவில்லை என்று சொல்லும் நாவல்களை நான் அந்த இடத்திலேயே மூடிவிடுகிறேன். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு பிறந்தவர் நீங்கள். ஆனாலும் உங்கள் ஊரில் மாலை போட்ட படம் தொங்கும் வீடு எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். திரும்பி வராதவர்களோடு வளர்ந்த வாசகரிடம் மரணத்தை இவ்வளவு மலிவாக விற்க முடியாது.

மந்திரம் சொன்னால் எல்லாம் நடந்துவிடும் என்ற கதைகள் பிள்ளைகளை முயற்சியற்றவர்களாக ஆக்கிவிடாதா? பாடசாலை நூலகத்துக்கு இத்தகைய நூல்களைத் தெரிவு செய்யும்போது எதைப் பார்ப்பது?
*– ஆசிரியர், அக்கரைப்பற்று*

மந்திரம் சொன்னால் எல்லாம் நடந்துவிடும் கதையை வாங்காதீர்கள். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற அச்சத்தால் இதைச் சொல்லவில்லை, அது மோசமான கதை என்பதால் சொல்கிறேன். நூலைத் திறந்ததும் நான் தேடுவது ஒன்றைத்தான்: இந்த உலகில் மாயத்துக்கு விலை என்ன, அதைக் கொடுப்பவர் யார்?

உர்சுலா லெ குவின் 1968 இல் வெளியிட்ட எர்த்சீ வரிசையின் முதல் நாவலில் ஒரு காட்சி வருகிறது. மந்திரம் கற்க ஆசைப்பட்டுப் பெரிய மந்திரவாதி ஒருவரோடு போகும் சிறுவன், முதல் நாட்களில் மந்திரம் எதையும் காணவில்லை. மழை பிடிக்கிறது. அந்தத் தீவில் சிறிய மந்திரக்காரர்கூடத் தன் தலைக்கு மேலுள்ள மழையை ஒரு சொல்லால் பக்கத்து ஊருக்குத் தள்ளிவிடுவான். அந்த ஊர் மந்திரக்காரன் அதை இன்னொருவன் பக்கம் தள்ளுவான். இந்தப் பெரியவரோ மழையைத் தன் பாட்டில் பெய்ய விட்டுவிட்டு, ஒரு மரத்தடியில் நனைந்தபடியே படுத்துக்கொள்கிறார். பயன்படுத்தாத வல்லமையால் என்ன பயன் என்று சிறுவன் மனத்துக்குள் புழுங்குகிறான். நாவல் முழுவதும் இந்தப் புழுக்கத்தின் விளைவுதான். சக மாணவனிடம் வீம்புக்குச் செய்த ஒரு வித்தையால் அவன் முகம் கிழிபடுகிறது, அவனைக் காப்பாற்றப் போன தலைமைக் குரு உயிரை விடுகிறார், அவன் அவிழ்த்துவிட்ட நிழல் அவனையே துரத்துகிறது. அறுவடை நேரத்தில் மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையிலிருந்து ஒருவர் மழையைத் துரத்தினால் அது மேற்கே படுவான்கரை வயலில்தானே போய் விழும் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மாணவர்கள் அந்த நூலை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

நமது பக்கத்தில் கையில் மந்திரித்த நூல் கட்டுபவரும் தண்ணீர் ஓதுபவரும் துடக்கு வீட்டுக்குப் போகாமலும் உணவைக் கட்டுப்படுத்தியும் ஒழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய மந்திரம் பலிக்கிறதா என்பது வேறு வழக்கு. சக்திக்கு வாடகை உண்டு என்பதை ஊர் எப்போதோ ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதே நான் இங்கே கவனிப்பது.

இன்னொன்றையும் பாருங்கள். நல்ல மாயம் அந்த வயதின் உண்மை எதையாவது கண்ணுக்குத் தெரியும்படி செய்யும். பிலிப் புல்மன் 1995 இல் எழுதிய நாவலில் ஒவ்வொரு மனிதரின் ஆன்மாவும் ஒரு விலங்காக அவருக்கு அருகிலேயே நடமாடுகிறது. பிள்ளைகளின் விலங்கு பூனையாகும், அந்துப்பூச்சியாகும், நினைத்தபடி மாறிக்கொண்டிருக்கும். வளர்ந்தவரின் விலங்கோ ஒரே உருவில் நிலைத்துவிடும். சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையில் கணிதமா, வர்த்தகமா, கலையா என்று கலங்கி நிற்கும் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமாக வேறு எதைச் சொல்லிவிட முடியும்?

மகன் பரீட்சைக்குப் படிக்காமல் டிராகன் கதை வாசிக்கிறார். என்ன செய்யலாம்?
*– தந்தை, கல்முனை*

பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது எந்த நூலும் இடைஞ்சல்தான், கம்பராமாயணம் உட்பட. பரீட்சை முடிந்த அன்று மாலையே அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்றப்படி, அறுநூறு பக்கங்களைத் தானாக வாசிக்கும் பிள்ளையைப் பற்றி முறைப்பாடு எழுதும் தகப்பனார் கொடுத்து வைத்தவர்.

மாயப் புனைவுகளைத் தமிழில் வாசிக்கும்போது மந்திரச் சொற்களும் ஊர்ப் பெயர்களும் சிரிப்பை வரவழைக்கின்றன. தமிழ் இதற்கு ஒத்துவராத மொழியா?
*– பல்கலைக்கழக மாணவர், வந்தாறுமூலை*

மாயாவிகளும் பறக்கும் குதிரைகளும் நிறைந்த மொழியைப் பற்றி இப்படிக் கேட்கலாமா? சிரிப்பு வேறு காரணத்தால் வருகிறது. ஆங்கில நாவல்களில் மந்திரங்களைப் பெரும்பாலும் லத்தீன் ஒலிகளிலிருந்து செய்கிறார்கள். அவ்வாசகருக்கு லத்தீன் பழைய தேவாலயத்தினதும் பழைய சட்டத்தினதும் மொழி. பாதி விளங்கும், பாதி விளங்காது, அதனால் அதற்கு ஓர் அமானுஷ்யம் உண்டு. அதே ஒலியை எழுத்துக்கு எழுத்து தமிழில் எழுதினால் பார்மசியில் வாங்கிய இருமல் பாணியின் பெயர்போல் இருக்கிறது. பாதி விளங்கி, பாதி விளங்காத சொற்கள் நமக்கும் இருக்கின்றன. பழந்தமிழிலும் வடமொழி கலந்த உச்சாடனங்களிலும் அவற்றைத் தேடவேண்டும்.

ஊர்ப் பெயருக்கும் இதே கதைதான். வல்லின எழுத்துகளை அடுக்கி, வாயில் நுழையாத பெயரை வைத்தால் அது வேற்றுலகம் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். வாவியின் ஒரு கரைக்குச் சூரியன் எழும் கரை என்றும் மறு கரைக்குச் சூரியன் படும் கரை என்றும் பெயரிட்டு, அதைச் சாதாரணமாக பஸ் நடத்துனர் கூவும்படி விட்டிருக்கும் மாவட்டம் இது. வெளியூர் நண்பர் ஒருவர், அவை நான் ஏதோ ஒரு நாவலுக்காகக் கற்பனை செய்த பெயர்கள் என்றே எண்ணியிருந்தார்.

நாயகியை இரண்டு இளைஞர் காதலிப்பது ஏன் எல்லா நாவலிலும் வருகிறது?
*– வாசகி, ஏறாவூர்*

முன்னொன்று விற்றதால். எனக்கு அந்தக் காதலில் ஆட்சேபமில்லை. கோட்டை எரிந்துகொண்டிருக்கும்போது அவள் மாடத்தில் நின்று இருவரின் கண்ணின் நிறத்தையும் ஒப்பிடுவதில்தான் ஆட்சேபம். வாளைச் சுழற்றத் தெரிந்தால் அவள் துணிவுள்ள பெண் ஆகிவிடுவாள் என்ற எண்ணத்தையும் எழுத்தாளர்கள் கைவிடவேண்டும். பிழையான ஒரு முடிவைத் தானே எடுத்து அதன் பலனைத் தானே சுமக்கும் நாயகியை அத்தகைய நாவல்களில் நான் அபூர்வமாகவே காண்கிறேன்.

வாவியின் அடியிலுள்ள நகரம் ஒன்றைப் பற்றி இளையோர் நாவல் எழுதுகிறேன். முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்துள்ளேன். தயவுதாட்சண்யமின்றிச் சொல்லுங்கள்.
*– 19 வயது, ஆரையம்பதி*

தம்பி, கேட்டபடியே சொல்கிறேன். முதல் அத்தியாயம் முழுவதும் அந்த நகரத்தின் ஏழு அரசர்களின் வரலாறு. ஒரு பக்கத்தில் வரைபடமும் இருக்கிறது. வரைபடம் அழகாக இருக்கிறது, ஆனால் அங்கே எனக்கு இன்னும் ஒருவரையும் தெரியாதே. யாரைத் தேடி அந்தத் தெருக்களில் நான் நடப்பது? நமது கூத்தில் கட்டியகாரன் வந்து அரசன் வருகிறான் என்று சொல்வான், அரசன் வரவுக்கு ஆடுவான், ஆடியபடியே தான் இன்னார் என்று பாடுவான். வரவுத் தாளத்திலேயே வருபவன் வீரனா, கோபக்காரனா என்று களரியைச் சுற்றி இருப்பவர்களுக்கு விளங்கிவிடும். அவனுடைய பாட்டனாரின் ஆட்சிச் சிறப்பை, கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் முன்கூட்டியே ஒரு மணித்தியாலம் வாசித்துக் காட்டினால் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். அந்த அத்தியாயத்தை நீங்கள் வைத்திருங்கள். உங்களுக்கு அது தேவை, வாசகருக்குத் தேவையில்லை.

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு முதியவர் வந்து, தோளில் மச்சமுள்ள பெண்ணே நகரத்தை மீட்பாள் என்று சொல்லி, அந்தப் பக்கத்திலேயே இறந்துபோகிறார். இறப்பதற்காகவே வந்தவர் என்பதால் எனக்குத் துக்கம் வரவில்லை. மச்சத்தையும் எடுத்துவிடுங்கள். பிறப்பிலேயே தெரிவு செய்யப்பட்டவளுக்கு மறுக்கும் உரிமை இல்லை, மறுக்க முடியாதவள் ஒப்புக்கொள்வதிலும் பெருமை இல்லை. அவள் அந்த நகரத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம் என்று வாசகருக்குத் தோன்றவேண்டும்.

மூன்றாம் அத்தியாயத்தில், முழுநிலவில் மீன் பாடுவதைக் கேட்க அவள் மாமாவோடு தோணியில் கல்லடிப் பாலத்தின் கீழ் போகிறாள். துடுப்பை நீரில் இறக்கி மறுமுனையில் காதை வைக்கிறாள். இந்த வழக்கத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள் என்பதால் அந்தப் பக்கத்தைச் சற்று அலட்சியமாகவே வாசித்தேன். அப்போது இது வந்தது: "பாட்டுக் கேட்கவில்லை. யாரோ அவளுடைய பெயரைத் திரும்பத் திரும்பப் பிழையாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள்."

எழுந்துபோய்த் தேநீர் ஊற்றி வந்து மறுபடியும் வாசித்தேன். நீருக்கு அடியில் இருப்பது எதுவோ, அதற்கு அவள் தேவைப்படுகிறாள், ஆனால் அவளை அதற்குச் சரியாகத் தெரியாது. ஏழு அரசர்களும் மச்சமும் செய்யாததை இந்த இரண்டு வாக்கியங்கள் செய்துவிட்டன. நாவலை இங்கே தொடங்குங்கள். அந்தக் குரல் எந்த எழுத்தில் பிழைவிடுகிறது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்; அது சரியாக உச்சரிக்கும் நாள் கதையில் எப்போது வருகிறது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். நான்காம் அத்தியாயத்தை அனுப்பும்போது வரைபடம் வேண்டாம்.