சுவரில் கண்ட சிலந்தியும் பாயில் காணாத கடியும்

கேள்வி: மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற றோட்டில் எங்கள் வீடு. பழைய ஓட்டு வீடு. முற்றத்தில் நின்ற பெரிய பாலை மரம் போன மாதம் காற்றுக்கு முறிந்து விழுந்தது. அதற்குப் பிறகு குசினிச் சுவரில் இரண்டு தரம் கையகலச் சிலந்தி ஒன்றைக் கண்டோம். மயிரும் வரியுமாக இருந்தது. இது புலிமுகச் சிலந்தி, கடித்தால் ஆள் தப்பாது என்கிறா மாமி. சிட்னியில் இருக்கிற அண்ணா வீடியோக்களை அனுப்பி இன்னும் பயப்படுத்துகிறார். மூன்று வயது மகள் எங்களோடு நிலத்தில் பாய் போட்டுத்தான் படுக்கிறாள். வீடு முழுக்க மருந்து அடிப்பதா, கொஞ்ச நாளைக்கு வேறு இடம் போவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் பிள்ளையை வெறும் பாயில் படுக்க வைப்பதை இன்று இரவே மாற்றுங்கள். அதற்குக் காரணம் சிலந்தி இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், நீங்கள் கண்டது எது? வன்னி வீடுகளில் கையகலத்துக்கு வருகிற சிலந்தி இரண்டு வகை. ஒன்று, இரவில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற தட்டையான மண்ணிறச் சிலந்தி. கால்களை நண்டு மாதிரி இரண்டு பக்கமும் விரித்திருக்கும். வலை கட்டாது, கரப்பானைத் துரத்திப் பிடிக்கும். சில நேரம் வயிற்றுக்கடியில் வெள்ளைக் காசு போல ஒன்றை அணைத்துக்கொண்டு திரியும். அது முட்டைப் பை. இது கடித்தால் கொஞ்ச நேரம் கடுக்கும், அவ்வளவுதான். என் வீட்டுக் குளியலறையில் ஒன்று இருக்கிறது, நான் துரத்துவதில்லை.

மற்றது மாமி சொன்ன புலிமுகச் சிலந்தி. கால்கள் தடித்து மயிரடர்ந்திருக்கும், உடம்பு பாரமாகத் தெரியும், முதுகில் சாம்பலும் கறுப்புமாக இலைக்கோலம் போல வரி இருக்கும். சீண்டினால் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும்; அப்போது காலின் அடிப்பக்கத்து மஞ்சள் பளிச்சென்று தெரியும். நீங்கள் எழுதிய 'மயிரும் வரியும்', விழுந்த பாலை மரம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் குசினிக்கு வந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதில் உங்கள் ஊருக்கு ஒரு தனிப் பெருமையே உண்டு. 2009 இல் மாங்குளம் பகுதிக் கிராமவாசி ஒருவர், செத்த சிலந்தி ஒன்றை ஆய்வாளர்களிடம் கொடுத்தார். அவர்கள் தேடி வந்து, அது உலகத்துக்கே புதிய இனம் என்று 2012 இல் அறிவித்தார்கள். கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர், கிட்டத்தட்டச் சாப்பாட்டுக் கோப்பை அகலம். பொய்சிலோதீரியா ராஜேயி என்று பெயர். காட்டுக்குள் வழிகாட்டிய ஒரு பொலிஸ் பரிசோதகரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். இந்தச் சிலந்திகளுக்கு வேண்டியது முதிர்ந்த மரம்: பொந்தும் வெடித்த பட்டையும் உள்ள பாலை, முதிரை மாதிரி. அப்படி மரம் கிடைக்காதபோது பழைய கட்டடங்களுக்குள் வரும். மாங்குளத்தில் தேடியவர்கள் பழைய வைத்தியர் விடுதி ஒன்றிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அதே கதைதான். அது உங்களைத் தேடி வரவில்லை. அதன் வீடு விழுந்துவிட்டது.

கடித்தால் என்ன ஆகும்? வலி நன்றாகவே இருக்கும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கடித்த இடம் வீங்கிச் சிவக்கும். இந்தக் குடும்பத்துச் சிலந்திகளின் ஒரு தொல்லை, கெண்டைக்கால், தொடை, தோள் என்று தசை பிடித்திழுப்பது. சில மணி நேரத்திலும் வரலாம், 'எல்லாம் சரி' என்று நினைத்த பிறகு இரண்டு மூன்று நாள் கழித்தும் வரலாம். ஆனால் இந்தச் சிலந்தி கடித்து ஆள் செத்ததாகப் பதிவு இல்லை. ஆஸ்பத்திரியில் வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் மருந்து தருவார்கள், தேவை என்றால் ஏற்பு ஊசி போடுவார்கள். பாம்புக்குப் போடுகிற விஷமுறி மருந்து இதற்கு வேலை செய்யாது, கேட்டு அடம் பிடிக்க வேண்டாம். சின்னப் பிள்ளைக்குக் கடித்தால் மட்டும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிராமல் உடனே கொண்டு போங்கள்.

அண்ணாவின் வீடியோக்களுக்கு வருவோம். சிட்னியில் உள்ள புனல்வலைச் சிலந்தி உண்மையிலேயே உயிரெடுக்கக்கூடியது. ஆனால் அது கிழக்கு அவுஸ்திரேலியாவுக்கு உரியது. அங்கேயும் 1981 இல் அதற்கான விஷமுறி மருந்து வந்த பிறகு அதனால் இறப்பு இல்லை. சதை அழுகிக் குழி விழுந்த படங்கள் வந்திருந்தால், அவற்றில் சொல்லப்படும் மண்ணிறச் சிலந்தி, நான் மேலே சொன்ன சுவர்ச் சிலந்தி இல்லை, வட அமெரிக்காவுக்கு உரிய வேறொன்று. இரண்டும் ஒட்டுசுட்டான் றோட்டில் இல்லை. கறுப்பு விதவை என்கிற சிலந்தியின் உறவுக்கார இனம் ஒன்று இலங்கையிலும் உண்டு. அது குசினிச் சுவரில் ஓடித் திரிவதில்லை, ஒதுக்குப்புறத்தில் ஒழுங்கில்லாத வலை கட்டி அதற்குள்ளேயே கிடக்கும்.

'சிலந்திக் கடி' என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சிலந்தியைக் கண்டதே இல்லை. காலையில் எழும்பினால் புண், சுற்றிப் பார்த்தால் சுவரில் ஒரு சிலந்தி, பழி அதன் தலையில். நம் பாஷையும் இதற்கு உடந்தை; பழைய தமிழில் சிலந்தி என்றாலே கட்டி, புண் என்றும் பொருள். இடுப்பைச் சுற்றி ஒரு பக்கமாகக் கொப்புளம் போட்டால் அக்கி. நீரிழிவுக்காரரின் கால் சிவந்து வீங்கினால் பெரும்பாலும் கிருமித்தொற்று. கக்கத்திலோ அரையிலோ சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு, கூடவே காய்ச்சலும் தலையிடியும் என்றால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நேரத்தோடு வந்தால் டொக்சிசைக்ளின் குளிசையில் மாறும், விட்டால் ஆபத்து.

எல்லாவற்றிலும் மோசமான பிழை ஒன்றை என் கண்ணால் கண்டிருக்கிறேன். வன்னியில் வேலை பார்த்த காலத்தில், ஒரு மாரி இரவு இரண்டு மணி போல ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். அவருடைய தகப்பன் கையில் ஜாம் போத்தல், அதற்குள் ஒரு கால் முறிந்த மண்ணிறச் சிலந்தி. 'இதுதான் கடித்தது டொக்டர்' என்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நான் போத்தலைப் பார்க்கவில்லை, மகனின் முகத்தைப் பார்த்தேன். இமை பாதிக்கு மேல் திறக்கவில்லை. நித்திரைத் தூக்கம் என்றார்கள். வயிறு நோகிறதா என்றேன். நோகிறது, சத்தியும் எடுத்தது என்றார். கணுக்காலில் நுளம்புக் கடி அளவுக்கு ஓர் அடையாளம். கடித்தது கட்டு விரியன் பாம்பு. விடிவதற்குள் மூச்சு விட முடியாமல் போய் இயந்திரத்தில் போட்டோம். நல்ல காலம், பிழைத்தார்.

கட்டு விரியன் இரவில்தான் வரும், நிலத்தில் படுத்திருப்பவரைத்தான் அதிகம் கடிக்கும், கடித்த இடம் பெரும்பாலும் நோகாது. ஆகவே கடித்ததை நீங்கள் கண்ணால் காணாதவரை சிலந்தி என்று முடிவு கட்டாதீர்கள். இமை சரிகிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது, வயிற்று நோ, விழுங்கக் கஷ்டம், முரசில் இரத்தம்: இதில் ஒன்று வந்தாலும் அம்புலன்ஸுக்கு 1990 இல் அழையுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும், இரவில் காணாமல் பட்ட கடி என்றால் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருந்து காட்டுவது நல்லது. கடித்த காலை அசைக்காமல் வைத்திருங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, மண்ணெண்ணெய் பூசுவது ஒன்றும் வேண்டாம். வலிக்குப் பனடோல் போதும். அஸ்பிரின், டைக்ளோபெனாக் கொடுக்காதீர்கள், கடித்தது புடையன் பாம்பாக இருந்தால் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். சிலந்திதான் என்று கண்ணால் கண்டிருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள்.

மகளுக்குக் கட்டில் இருந்தால் கட்டிலில் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் நுளம்பு வலையைக் கட்டி, நாலு பக்கமும் பாய்க்கடியில் இறுக்கிச் செருகுங்கள். நுளம்பு, சிலந்தி, மட்டத்தேள், பாம்பு எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும்.

மருந்து அடிப்பது காசுக்குக் கேடு. பொந்துக்குள் இருக்கிற பெரிய சிலந்திக்கு அது போய்ச் சேராது, குசினியில் பிள்ளை தொடுகிற இடத்தில்தான் படியும். அதைவிட விறகைச் சுவரோடு அடுக்காமல் ஒரு பத்தடி தள்ளி வையுங்கள். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் உள்ள ஓட்டைகளைச் சீமெந்தால் அடையுங்கள். வாசல் லைட்டை இரவு முழுக்க எரிய விடாதீர்கள். பூச்சி வரும், பின்னால் பூச்சி தின்னியும் வரும். வெளியில் கிடந்த சப்பாத்தை உதறிவிட்டுப் போடுங்கள்.

அது திரும்பவும் சுவரில் வந்தால், தும்புத்தடியால் அடிக்கப் போகாதீர்கள். மின்னல் வேகத்தில் ஓடும், சில நேரம் தடியிலேயே ஏறி வரும். வாயகன்ற பிளாஸ்டிக் வாளி ஒன்றை மெதுவாக மேலே கவிழ்த்து, மட்டையைச் சுவரோடு உரசி உள்ளே தள்ளி மூடுங்கள். நீளக் காற்சட்டை, சப்பாத்து போட்ட பெரியவர் ஒருவர் செய்தால் போதும், பிள்ளை அறைக்குள் இருக்கட்டும். பிறகு வீட்டிலிருந்து தள்ளிப் பொந்துள்ள ஒரு மரத்தடியில் கொண்டுபோய் விடுங்கள். யாராவது வந்து நல்ல விலை தருகிறேன் என்று கேட்டால் கொடுக்காதீர்கள். 2019 இலிருந்து இந்தக் குடும்பத்துச் சிலந்திகளின் சர்வதேச வியாபாரம் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

விழுந்த பாலை இன்னும் முற்றத்தில்தான் கிடக்கிறதா? அதை விறகுக்கு அரிய முதல் பொந்துகளை டோர்ச் அடித்துப் பாருங்கள், கையை விடாதீர்கள். இன்னும் ஒன்றிரண்டு உள்ளே இருக்கலாம். மரத்தை ஒரு கிழமைக்கு வளவின் பின் எல்லையில் இழுத்துப் போட்டு வைத்தால், அவை குசினிப் பக்கம் வராமல் காட்டுப் பக்கம் போக இடமிருக்கும்.