'ஐ5' என்று எழுதியிருந்தால் போதுமா? 1,800 ரிங்கிட்டில் வீட்டுக்கும் வேலைக்கும் ஒரு கணினி

கேள்வி: நாங்கள் பினாங்கு ஜெலுத்தோங்கில் குடியிருக்கிறோம். நான் பிறையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. நான்காம் படிவத்தில் படிக்கும் மகளும் அதே கணினியைத்தான் பயன்படுத்துவாள். அவள் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் மொழியும் எடுக்கிறாள், அதனால் தமிழில் தட்டச்சு செய்யவும் வேண்டும். இப்போதுள்ள பழைய கணினி விண்டோஸ் 10-ஐத் தாண்டவில்லை. கையில் 1,800 ரிங்கிட் இருக்கிறது. கொம்தார் பக்கம் இரண்டு கடைகளில் விசாரித்தோம். ஒரு கடையில் 1,599 ரிங்கிட்டுக்குப் புதிய மடிக்கணினி: ரைசன் 5 7520யூ, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி. மற்றொன்றில், அலுவலகப் பயன்பாட்டிலிருந்து வந்த பழைய மடிக்கணினியைக் காட்டி, "ஐ5 செயலி, விண்டோஸ் 11 போட்டுவிட்டோம்" என்று 950 ரிங்கிட் கேட்டார்கள். தாளில் ஐ5-7200யூ என்று எழுதியிருந்தது. இரண்டில் எதை வாங்கலாம்? கணினியை நாங்கள் வீட்டைவிட்டு எங்கும் எடுத்துச் செல்லப்போவதில்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது அதன் கடைசி வாக்கியம்தான். வீட்டைவிட்டு நகராத கணினிக்கு நீங்கள் ஏன் மடிக்கணினி வாங்க வேண்டும் என்று இரண்டு கடைக்காரர்களுமே கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள்முன் வைக்கப்பட்ட இரண்டையும் பார்த்துவிடுவோம்.

950 ரிங்கிட் மடிக்கணினியை வாங்காதீர்கள். 'ஐ5' என்ற பெயரை இன்டெல் தன் செயலிகளுக்கு, அதாவது கணினியின் மூளையான சில்லுகளுக்கு, 2009-ஆம் ஆண்டு முதல் பயன்படுத்திவருகிறது. ஆகவே அந்தப் பெயர் மட்டும் ஒரு செயலியின் வயதையோ வேகத்தையோ சொல்லாது. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். 7200 என்பது ஏழாம் தலைமுறை. 2016-இல் வெளிவந்த இந்தச் செயலியில் இரண்டே கருக்கள் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்). அடுத்த ஆண்டு வந்த எட்டாம் தலைமுறை 8250யூ நான்கு கருக்களைக் கொண்டிருந்தது. மலிவு ரகம் என்று பலரும் ஒதுக்கும் 2023-ஆம் ஆண்டின் இன்டெல் என்100 செயலிகூட, பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும்போது உங்கள் 7200யூ-வை முந்திவிடும். இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வகுத்த பட்டியலில் இன்டெல் செயலிகள், ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகின்றன. 7200யூ அதில் இல்லை. அப்படியானால் "விண்டோஸ் 11 போட்டுவிட்டோம்" என்பதற்கு, நிறுவும்போது நடக்கும் தகுதிச் சோதனையை ஏதோ ஒரு வழியில் தாண்டியிருக்கிறார்கள் என்பதே பொருள். அது இன்று ஓடும். ஆனால் தகுதியில்லாத கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி எதையும் மைக்ரோசாஃப்ட் தரவில்லை. நிறுவனத்தின் கணக்குகளைத் திறந்து வேலை செய்யும் ஒருவர் அப்படிப்பட்ட கணினியை நம்பி உட்காருவது சரியல்ல.

இதே காரணத்துக்காகத்தான் உங்கள் பழைய கணினியையும் வேலைக்குத் தொடர்ந்து பயன்படுத்தச் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-உடன் முடிந்துவிட்டது; வீட்டுப் பயனர்களுக்கென்று தரப்பட்ட நீட்டிப்பும் 13 அக்டோபர் 2026 வரைதான்.

1,599 ரிங்கிட் புதிய மடிக்கணினி அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதன் பெயரும் சற்று ஏமாற்றும். ஏஎம்டி நிறுவனத்தின் இந்த எண்முறையில் முதல் இலக்கமான 7, அது 2023-ஆம் ஆண்டுக்கான வரிசை என்பதைக் குறிக்கிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பு எவ்வளவு பழையது என்பதை மூன்றாம் இலக்கமே காட்டும். 7520-இல் அந்த இலக்கம் 2. அதாவது 2019-இல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பு. ஏறத்தாழ அதே பெயருடன் பக்கத்தில் நிற்கும் 7530யூ-வில் அது 3. அது அடுத்த வடிவமைப்பு, கருக்களும் ஆறு. இத்தனை சொன்னாலும், கணக்குப் பதிவுக்கும் பள்ளிப் பாடத்துக்கும் 7520யூ-வின் நான்கு கருக்கள் போதும் என்பதே என் கருத்து. என்னைத் தயங்கவைப்பது அதன் 8 ஜிபி ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம். இந்தச் செயலி ஏற்பது எல்பிடிடிஆர்5 வகை நினைவகத்தை மட்டுமே; அது கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டு வரும். இன்று 8 ஜிபி வாங்கினால், கணினி உழைக்கும் காலம் முழுவதும் 8 ஜிபிதான்.

விண்டோஸ் 11 எதையும் திறக்காத நிலையிலேயே மூன்று, நான்கு ஜிபி வரை எடுத்துக்கொள்கிறது. தனி வரைகலை அட்டை இல்லாததால் திரைக்காகவும் ஒரு பங்கு போய்விடும். அதற்குமேல் கணக்கு மென்பொருள், ஒரு பெரிய எக்செல் கோப்பு, பத்துப் பக்கங்கள் திறந்த உலாவி, டீம்ஸ் கூட்டம் எல்லாம் ஒன்றாகச் சேரும்போது ரேம் நிரம்பி, கணினி, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யை இரவல் நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். பக்கத்து மேசையில் இருக்க வேண்டிய கோப்புக்காக ஒவ்வொரு முறையும் ஃபெரி ஏறிப் பட்டர்வொர்த் போய்வருவதைப் போன்றது அது. செயலி பழையது என்று மக்கள் குறைப்பட்டுக்கொள்ளும் கணினிகளில் பலவற்றுக்கு உண்மையில் இருப்பது ரேம் பற்றாக்குறைதான்.

பின்னால் மாற்ற முடியாததற்கு இன்றே பணத்தைச் செலவழிக்க வேண்டும். மாற்ற முடிந்ததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மடிக்கணினியில் திரை, விசைப்பலகை, பற்றவைத்த ரேம், செயலி எல்லாமே மாற்ற முடியாத பக்கத்தில் வந்து நிற்கின்றன. மேசைக் கணினியில் அந்தப் பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் உங்கள் கடைசி வாக்கியம் எனக்கு முக்கியமாகப் பட்டது.

நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் சிறிய மேசைக் கணினிகளை நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவு கொண்டவை. தடித்த அகராதி அளவுதான் இருக்கும், திரைக்குப் பின்னால் மாட்டிவிடலாம். ஐ5-8500டி (2018) குறைந்தபட்சம். ஐ5-10500டி (2020) கிடைத்தால் நன்று. இரண்டிலும் ஆறு கருக்கள், இரண்டும் மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் 35 வாட் வகை, இரண்டும் விண்டோஸ் 11-க்குத் தகுதியானவை. இவற்றில் ரேமுக்கு இரண்டு செருகுவாய்கள் உண்டு. 16 ஜிபி போட்டுத்தரச் சொல்லுங்கள். 2025-இன் இறுதியிலிருந்து உலகெங்கும் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியிருப்பதால், ரேமைத் தனியாக வாங்கிச் சேர்ப்பதைவிட, 16 ஜிபி ஏற்கெனவே உள்ள கணினியைத் தேடுவதே மலிவாக முடியக்கூடும்.

உங்கள் 1,800 ரிங்கிட்டை நான் பிரித்தால், ஏறத்தாழ பாதியைக் கணினிக்கும், நானூறு, ஐந்நூறு ரிங்கிட்டைப் புதிய 24 அங்குலத் திரைக்கும் ஒதுக்குவேன். திரையை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். முழு எச்டி தெளிவும் ஐபிஎஸ் வகையும் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாதது) கொண்ட நல்ல திரை, அதை இயக்கும் கணினி இரண்டு முறை மாறினாலும் உங்களோடு இருக்கும். நாள் முழுவதும் எண்களைப் பார்க்கும் உங்கள் கண்ணுக்கும் கழுத்துக்கும், 15 அங்குல மடிக்கணினித் திரையைக் குனிந்து பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். மீதித் தொகையில் கூட்டங்களுக்கு ஒரு வெப்கேம், ஒலிவாங்கியுள்ள காதொலிப்பான், மின்சாரம் போனாலும் சிறிது நேரம் தாங்கும் சிறிய யுபிஎஸ் ஆகியவை வந்துவிடும்.

யுபிஎஸ்ஸை ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். மடிக்கணினிக்குள் பேட்டரி இருக்கிறது. மேசைக் கணினிக்குள் இல்லை. கணக்கு மென்பொருள் தரவை எழுதிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் மின்சாரம் போனால், கோப்பே சிதைந்துவிடலாம். ஐந்து நிமிடம் தாங்கும் யுபிஎஸ் போதும்; சேமித்துவிட்டு அணைக்க அவ்வளவு நேரம்தான் தேவை. இடி மின்னலுடன் மழை கொட்டும் மாலைகளில் மின் செருகியோடு மோடத்தின் கம்பியையும் கழற்றிவிடுங்கள். என் வீட்டில் ஒருமுறை மின்சாரப் பக்கத்தைப் பாதுகாத்துவிட்டு மோடத்தை மறந்தேன். மோடமும், அதனோடு கம்பியால் இணைத்திருந்த கணினியின் தாய்ப்பலகையும் ஒரே மின்னலில் சேர்ந்து போயின.

கடையில் பணம் கொடுக்குமுன் கணினியைத் திரையோடு இணைத்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயலியின் முழுப்பெயர், ரேமின் அளவு, எத்தனை செருகுவாய்கள் பயன்பாட்டில் உள்ளன என்பது வரை எல்லாம் தெரியும். தாளில் உள்ளதும் திரையில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். அமைப்புகளில் விண்டோஸ் முறையாகச் செயல்படுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளில்) மாட்டிக்கொண்டிருந்தால் பிற்பாடு பெரும் தொல்லை. எனவே பயாஸுக்குள் நுழைந்து காட்டச் சொல்வதில் தவறில்லை. இந்தச் சிறிய கணினிகள் சிலவற்றில் வைஃபை இருக்காது என்பதையும், மின் அடாப்டர் வெளியே தனியாக வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டும் விலையில் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மென்பொருள் பற்றி உங்கள் அலுவலகத்தில் ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக் கணினியிலேயே எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்ற நம் நாட்டுக் கணக்கு மென்பொருள் நிறுவப்படுமா, அல்லது அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்குவீர்களா? முதலாவது என்றால் விண்டோஸ் கட்டாயம், மலிவாகக் கிடைக்கிறதே என்று விண்டோஸ் இல்லாத குரோம்புக் பக்கம் போய்விடக் கூடாது. இரண்டாவது என்றால் கணினிக்கு வேலை இன்னும் குறைவு. மின்-விலைப்பட்டியலுக்கான வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளமும் மகளின் பள்ளிக்கான டெலிமா தளமும் உலாவியிலேயே இயங்குபவை. அவற்றுக்குத் தனித் தேவை எதுவும் இல்லை. இணையச் சந்தைகளில் இருபது, முப்பது ரிங்கிட்டுக்கு 'வாழ்நாள் ஆபீஸ்' என்று விற்கப்படும் குறியீடுகளைத் தவிர்த்துவிடுங்கள்; அந்த விலையில் முறையான உரிமம் கிடைக்காது, விற்றவரைப் பிறகு தேடிப்பிடிக்கவும் முடியாது. மகளின் கட்டுரைகளுக்கு இலவச லிப்ரே ஆபீஸ் தாராளமாகப் போதும்.

தமிழுக்காகத் தனியே ஒரு காசும் செலவில்லை. விண்டோஸ் 11-இலேயே, தமிழ் எழுத்துகளுக்கென்றே அமைந்த தமிழ்99 விசைப்பலகையும், ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி அடித்துத் தமிழ் பெறும் முறையும் உள்ளன. மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் கிடைத்துவிடும். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழகிய கைகளுக்கு அது இன்னும் இயல்பாக இருக்கலாம். ஆனால் புதிதாகத் தொடங்கும் மாணவிக்குத் தமிழ்99-ஐயே பரிந்துரைப்பேன். இரண்டு வாரம் திணறினாலும், அதன்பின் கை தானாக ஓடும்.

ரசீதை உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள். தொழிலுக்காக அல்லாமல் தனக்கோ குடும்பத்துக்கோ வாங்கும் கணினி, 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறை வரிவிலக்குக்குள் அடங்கும். அதற்கான ரசீதை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடை தரும் உத்தரவாதக் காலத்தையும், எந்தெந்தப் பாகத்துக்கு அது பொருந்தும் என்பதையும் அந்த ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். பொருள் பழுதாகி, கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். அங்கே 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகள் கேட்கப்படும். அங்கு உங்களுக்காகப் பேசுவது அந்த ஒற்றைத் தாள்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் மகளின் வசதிக்காக மடிக்கணினிதான் வேண்டும் என்று வீட்டில் முடிவானால், பயன்படுத்தியவற்றில் பதினோராம் தலைமுறை ஐ5 கொண்ட டெல் லாட்டிட்யூட் 5420 அல்லது எச்பி எலைட்புக் 840 ஜி8-ஐத் தேடுங்கள். இரண்டிலும் ரேமை மாற்றிக்கொள்ளலாம். பேட்டரி தயாரிப்பின்போது கொண்டிருந்த கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் விண்டோஸின் பேட்டரி அறிக்கையில் அருகருகே வரும். கடைக்காரரிடம் அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதியதே வேண்டுமென்றால் 16 ஜிபி உள்ளதையோ, காலிச் செருகுவாய் உள்ளதையோ மட்டும் பாருங்கள். செயலி ஐ3-1215யூ ஆக இருந்தாலும் குறையில்லை. எஸ்.எஸ்.டி.யைவிட மெதுவான இஎம்எம்சி சேமிப்பகம் என்று எழுதியிருந்தால், விலை என்னவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972-இல் நம் பாயான் லெப்பாஸில்தான் தொடங்கியது. அதற்காகப் பினாங்குக் கடைகளில் விலை குறைவாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மூன்று கடைகளிலாவது கேட்டுப் பாருங்கள். பழைய கணினியை உடனே கொடுத்துவிடவும் வேண்டாம். கோப்புகளையெல்லாம் புதியதற்கு நகலெடுத்தபின், அதன் சேமிப்பு வட்டைக் கழற்றி ஒரு உறையிலிட்டு ஆறு மாதம் அலமாரியில் வையுங்கள். நகலெடுக்கத் தவறிய ஒரு கோப்பு எப்படியும் அதற்குள் நினைவுக்கு வரும்.