கையில் தராசு, தோளில் கொம்பு: ரோமானியக் காசின் பூப் பக்கத்தைப் படிப்பது எப்படி?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மாமனார் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். வெளிநாட்டுத் துறைமுகங்களில் வாங்கிய மூன்று ரோமானியக் காசுகளை விட்டுச் சென்றிருக்கிறார். முதலாவதில் முட்கள் நீட்டிய கிரீடத்தோடு ஓர் இளைஞன், பின்னால் தராசு பிடித்து நிற்கும் பெண். இரண்டாவது ஒரு சின்னச் செம்புக் காசு: இரண்டு சிப்பாய்கள், நடுவில் இரண்டு கொடிக்கம்பங்கள். மூன்றாவது வெள்ளி: இலைமாலை சூடிய தலை, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்த பெண், ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் ஒரு கிளை. "இந்தப் பெண்கள் எல்லாம் ரோமானியக் கடவுள்களா? கருத்துப்போன காசுகளைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? மூன்றாவதை 'கரூர் காசு' என்று எங்கள் நகைக்கடைக்காரர் சொல்கிறார், உண்மையா?" என்று கேட்கிறார்.

முதலில் புளியைச் சமையலுக்கே வைத்துக்கொள்ளுங்கள். செம்புக் காசின் மேல் இருக்கும் கரும்பச்சை அல்லது பழுப்புப் படலம் பல நூற்றாண்டுகளில் உருவானது. பல காசுகளில் எழுத்தின் விளிம்பே அந்தப் படலத்தில்தான் நிற்கிறது. புளியோ எலுமிச்சையோ பாத்திரப் பொடியோ பட்டால் படலத்தோடு எழுத்தும் போய்விடும். கையில் மிஞ்சுவது பளபளவென்று ஒரு செம்புத் துண்டு. டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் மண்ணை மட்டும் எடுக்கலாம், அவ்வளவுதான். வெள்ளியின் கருமையைத் தொடவே வேண்டாம். நகைக்கடைக்காரர் ஆர்வத்தில் உரைகல்லை எடுத்தால் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, அந்தப் பெண்கள். நம் கோயில் சிற்பத்தில் முகத்தைப் பார்த்தா இவர் இன்னார் என்கிறோம்? சங்கும் சக்கரமும் இருந்தால் பெருமாள், வேல் இருந்தால் முருகன். ரோமானியக் காசின் பூப் பக்கமும் அப்படித்தான்: முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள். தராசும் பழங்கள் வழியும் வளமைக் கொம்பும் இருந்தால் அது ஏக்விட்டாஸ், அதாவது நேர்மை. மொனேட்டா என்ற நாணயச்சாலைத் தெய்வத்துக்கும் இதே அடையாளம்தான். கொம்போடு கப்பல் சுக்கான் இருந்தால் ஃபார்ச்சூனா, அதிர்ஷ்டம். தானியக் கதிரும் மரக்காலும் வந்தால் அன்னோனா. ரோம் நகருக்குத் தானியம் தவறாமல் வருகிறது என்று பொருள். பாம்புக்குக் கிண்ணத்தில் உணவூட்டினால் சாலுஸ், உடல்நலமும் பாதுகாப்பும். பூவைப் பிடித்து, பாவாடை நுனியைக் கொஞ்சம் தூக்கி நடந்தால் ஸ்பெஸ், நம்பிக்கை. ஒலிவக் கிளை என்றால் பாக்ஸ், சமாதானம். முக்காட்டை முகத்தருகே இழுத்துப் பிடித்தால் புடிகிட்டியா, அடக்கம். இது பெரும்பாலும் அரசிகளின் காசில்தான் வரும். இரண்டு பக்கமும் படைக்கொடி இருந்தால் ஃபிடெஸ், படையின் விசுவாசம்.

இவர்கள் கடவுளர்களா என்றால், ஆம், பலருக்குக் கோயிலே இருந்தது. கான்கார்டியா என்ற ஒற்றுமைத் தெய்வத்தின் கோயில் ரோம் நகரின் நடுச்சதுக்கமான ஃபோரத்தில் நின்றது. சமாதானத்துக்கு வெஸ்பாசியன் என்ற அரசர் கட்டிய கோயில் கி.பி. 75-இல் முடிந்தது. ஆனால் பெயரோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அதற்குப் பின்னால் வரும் 'ஏ வி ஜி' என்ற மூன்று எழுத்துகளைத் தேடுங்கள். அது அகஸ்டஸ் என்பதன் சுருக்கம். அரசரைக் குறிக்கும் பட்டம். இரண்டு அரசர்கள் சேர்ந்து ஆண்டால் கடைசி எழுத்து இரண்டு முறை வரும். ஆக, காசில் இருப்பது வெறும் நேர்மை அல்ல, அரசரின் நேர்மை. வெறும் சமாதானம் அல்ல, அரசர் தந்த சமாதானம். பூப் பக்கம் முழுக்க அரசர் தன்னைப் பற்றி மக்களை நம்பச் சொல்லும் செய்தி. எந்தப் படம் வர வேண்டும் என்று அரசரே முடிவு செய்தாரா, நாணயச்சாலை அதிகாரிகள் செய்தார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. அரசருக்குப் பிடிக்காதது அதில் வராது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

இனி உங்கள் முதல் காசு. நீங்கள் எழுதி அனுப்பிய எழுத்துகளில் 'கோர்டியானுஸ்' தெளிவாக இருக்கிறது. 'யூ' வர வேண்டிய இடத்தில் 'வி' இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், லத்தீனில் அன்றைக்கு இரண்டும் ஒரே எழுத்து. இவர் மூன்றாம் கோர்டியன். 238-இல் பதின்மூன்று வயதில் அரசரானார், 244-இல் பாரசீகப் படையெடுப்பின்போது இறந்தார். முள்முடி என்று நீங்கள் எழுதியது சூரியக் கதிர் முடி. அதற்கு ஒரு நடைமுறைப் பொருளும் உண்டு: தலையில் கதிர்முடி இருந்தால் அந்தக் காசுக்கு இரட்டை மதிப்பு. காரகல்லா என்ற அரசர் 215-இல் வெளியிட்ட இந்த வகையை இன்று அன்டோனினியானுஸ் என்கிறார்கள். அரசிகளுக்குக் கதிர்முடி கிடையாது. அவர்கள் மார்பளவு உருவத்துக்குக் கீழே ஒரு பிறை இருக்கும்.

வேடிக்கை எங்கே என்றால், இரண்டு தெனாரியஸ் (ரோமானியரின் வழக்கமான வெள்ளிக் காசு) என்று கருதப்பட்ட அந்தக் காசில் தொடக்கத்திலேயே ஏறத்தாழ ஒன்றரை தெனாரியஸுக்கான வெள்ளிதான் இருந்தது. கோர்டியன் காலத்தில் காசின் எடையில் வெள்ளி பாதிக்கும் குறைவு. அந்தக் காசின் மேல்தான் தராசு பிடித்த நேர்மை நிற்கிறாள். அடுத்த முப்பது வருடத்தில், இரண்டாம் கிளாடியஸ் காலத்துக்குள், வெள்ளி ஐந்து சதவீதத்துக்கும் கீழே போனது. அப்போதும் தராசுப் பெண் அச்சில் வந்துகொண்டுதான் இருந்தாள்.

எனக்கு ரோமானியக் காசுகளில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். எதை அரசர் உரக்கச் சொல்கிறாரோ, அங்கே ஒரு சிக்கல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நெர்வா 96-இல் பட்டத்துக்கு வந்ததும் கைகுலுக்கும் இரண்டு கைகளைப் போட்டு 'படைகளின் ஒற்றுமை' என்று அச்சடித்தார். 97-இல் அவருடைய சொந்த மெய்க்காவல் படையே அரண்மனையைச் சூழ்ந்துகொண்டு, தங்களுக்கு வேண்டாதவர்களைக் கொன்றது. 238-இல் பல்பினுஸ், புப்பியேனுஸ் என்று இருவர் கூட்டாக ஆண்டார்கள். அதே கைகுலுக்கல், 'அரசர்களின் பரஸ்பர அன்பு', 'பரஸ்பர விசுவாசம்', 'பரஸ்பர பாசம்' என்று வரிசையாக வாசகங்கள். ஒருவரையொருவர் நம்பாமல் மூன்று மாதம் ஓட்டினார்கள். மெய்க்காவலர்கள் இருவரையும் ஒரே நாளில் கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் காசில் இருக்கும் பையன் தனி அரசன் ஆனான். வலேரியன் காசில் 'உலகை மீட்டவர்' என்று போட்டுக்கொண்டார்; 260-இல் பாரசீக அரசர் ஷாபூரிடம் உயிரோடு பிடிபட்டார். ஷாபூர் அந்த வெற்றியை நக்ஷ்-இ ருஸ்தம் பாறையில் செதுக்கி வைத்தார், இன்றும் பார்க்கலாம்.

இதை வைத்து எல்லாக் காசும் பொய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். டிராஜன் காசில் குழந்தைகளோடு நிற்கும் பெண்ணைக் காட்டி 'இத்தாலியின் உணவு உதவி' என்று சொன்னால், ஏழைக் குழந்தைகளுக்கான அந்தத் திட்டம் உண்மையிலேயே நடந்தது. டைட்டஸ் காலத்துப் பெரிய பித்தளைக் காசில் கொலோசியம் இருக்கிறது, கட்டடமும் இருக்கிறது. சில காசுகள் உண்மையைச் சொல்லியே நம்மை உறுத்தும். 70-இல் எருசலேம் வீழ்ந்த பிறகு வெஸ்பாசியன் வெளியிட்ட 'யூதேயா பிடிபட்டது' காசில், ஈச்ச மரத்தடியில் ஒரு பெண் அழுதபடி உட்கார்ந்திருக்கிறாள். தோற்றவர்களின் துக்கத்தையே வென்றவர் முத்திரையாக்கிக்கொண்டார்.

இரண்டாவது காசுக்கு வருவோம். இரண்டு சிப்பாய்கள், இரண்டு கொடிக்கம்பங்கள், 'குளோரியா எக்செர்சிட்டுஸ்', படையின் மகிமை. கான்ஸ்டன்டைனும் அவர் மகன்களும் 330 முதல் 335 வரை வெளியிட்டது. 335-க்குப் பிறகு காசு சிறுத்து எடை குறைந்தது. நடுவில் ஒரே கொடிக்கம்பம்தான் வரும். உங்களுடையதில் இரண்டு இருப்பதால் காலம் ஐந்து வருடத்துக்குள் நின்றுவிடுகிறது. சிப்பாய்களின் காலுக்குக் கீழே, கோட்டுக்கு அடியில் இருக்கும் 'எஸ் எம் ஏ என்' என்ற எழுத்துகள் நாணயச்சாலையின் முத்திரை: அந்தியோக்கியாவின் (இன்றைய துருக்கியில் இருக்கிறது) புனித நாணயச்சாலை. அதை ஒட்டி வரும் கடைசி எழுத்து எந்தப் பட்டறையில் அடித்தது என்று சொல்லும். 337-இல் கான்ஸ்டன்டைன் இறந்ததும், அந்த மகிமை பொருந்திய படை அவருடைய உறவினர்கள் பலரை வெட்டித் தள்ளி, மூன்று மகன்களுக்கும் வழி விட்டது. இந்தக் காலத்துச் சின்னச் செம்புக் காசுகள் மதுரையிலும் கரூரிலும் கிடைத்திருக்கின்றன. இலங்கையில் இன்னும் ஏராளம், உள்ளூரிலேயே அச்சடித்த சாயல் காசுகள் உட்பட. ஆனால் உலகம் முழுக்கக் கிடைப்பதால் விலை பெரிதாகப் போகாது.

மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். அது டைபீரியஸ், 14 முதல் 37 வரை ஆண்டவர். தலைப் பக்கத்தில் 'தெய்வமான அகஸ்டஸின் மகன் டைபீரியஸ் சீசர் அகஸ்டஸ்' என்று இருக்கும். உண்மையில் முதல் ரோமானிய அரசரான அகஸ்டஸின் தத்துப்பிள்ளை, தன் உரிமைக்கு ஆதாரமே அந்தத் தத்துதான் என்பதால் அதைக் காசிலேயே போட்டார். பூப் பக்கத்து வாசகம் 'தலைமைப் பூசாரி' என்ற அவருடைய பதவியை மட்டும் சொல்கிறது, உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. கிளையை வைத்துச் சமாதானம் என்று பலர் சொல்கிறார்கள். அவருடைய தாய் லிவியாவைத்தான் அந்தக் கோலத்தில் காட்டியிருக்கிறார்கள் என்பது பரவலான கருத்து. பெரும்பாலும் லுக்டூனத்தில், அதாவது இன்றைய பிரான்ஸின் லியோனில், அடித்தது.

'கரூர் காசு' என்று உங்கள் நகைக்கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. தென்னிந்தியப் புதையல்களில் திரும்பத் திரும்ப வருவது இரண்டே வகை வெள்ளிக் காசுகள்: ஒன்று இது, மற்றொன்று அகஸ்டஸின் பேரன்கள் கையுஸும் லூசியுஸும் கேடயங்களோடு நிற்பது. கரூரிலும் கோவை வட்டாரத்தில் கத்தாங்கண்ணி போன்ற இடங்களிலும் இவை கிடைத்தன. நீரோ 64-இல் தெனாரியஸின் எடையைக் குறைத்ததால், அதற்கு முந்தைய நல்ல வெள்ளியை இங்குள்ள வணிகர்கள் விரும்பினார்கள் என்பது பொதுவான விளக்கம். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 பொற்காசுகள் கிடைத்தபோது, பெரும்பாலானவற்றில் அரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. டைபீரியஸ் என்ன செய்தி சொல்ல நினைத்தாரோ, அது இங்கே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, எடைதான் வேண்டியிருந்தது.

ஆனால் உங்கள் மாமனார் அதை வெளிநாட்டில் வாங்கியதால் கரூர் என்று சொல்ல ஆதாரம் இல்லை. இயேசுவிடம் காட்டிய வரிக்காசு இந்த வகைதான் என்ற நம்பிக்கை இருப்பதால், இதை வாங்க ஆள் அதிகம், போலியும் அதிகம். நல்ல காசு 18, 19 மில்லிமீட்டர் அகலம், 3.7 கிராம் அளவில் இருக்கும். விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடினாலோ, பரப்பில் ஊசிக்குத்து போலக் குழிகள் தெரிந்தாலோ வார்ப்புப் போலி என்று சந்தேகப்படுங்கள். கீறலில் செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் அது வெள்ளி முலாம். ரோமானியர் காலத்திலேயே அப்படிக் கள்ளக்காசு அடித்தவர்கள் உண்டு, அதுவும் ஒரு பழம்பொருள்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்க நாணயவியல் கழகத்தின் 'ஓ சி ஆர் இ' என்ற இணையத் தொகுப்பு இலவசம். அரசர் பெயரையும் பூப் பக்கத்து உருவத்தையும் கொடுத்துத் தேடலாம். நேரில் பார்க்க சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சட்டமும் கொஞ்சம்: நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதனால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பார்சலில் அனுப்பிவிடாதீர்கள். மண்ணில் கிடைத்த காசு என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வரும்; பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மாமனார் வாங்கிய ரசீதோ, உறையில் எழுதிய ஊர்ப் பெயரோ இருந்தால் அதைக் காசோடு சேர்த்தே வையுங்கள்.

டைபீரியஸ் காசைப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், இரண்டு முகங்களையும் விளிம்பையும் தனித்தனியாகப் படமெடுத்து, எடையோடு அனுப்புங்கள். விளிம்புப் படம் தெளிவாக இருந்தால் வார்ப்பா அச்சா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.