பழைய பிரேக்கரை நம்பி ஆர்க் ஃபிளாஷ் கணக்குப் போடலாமா?

கேள்வி: எங்கள் எல்.டி. (குறைந்த மின்னழுத்த) பேனலில் உள்ள ஏர் சர்க்யூட் பிரேக்கர்கள் 28 ஆண்டு பழையவை. சோதித்த பதிவு எதுவும் கையில் இல்லை. ஆர்க் ஃபிளாஷ் (மின்வில் வெடிப்பு) ஆய்வில் தயாரிப்பாளர் தந்த டிரிப் வளைவையே (எந்த மின்னோட்டத்துக்கு எவ்வளவு நேரத்தில் பிரேக்கர் திறக்கும் என்ற வரைபடம்) போட்டிருக்கிறார்கள். அதை வைத்துப் பேனலில் ஒட்டிய வெப்ப அளவு லேபிளை நம்பி ஆட்களை வேலைக்கு விடலாமா?

பதில்: விடாதீர்கள். அந்த வளைவு நன்றாகப் பராமரிக்கப்பட்ட பிரேக்கருக்கானது. உங்கள் பிரேக்கர் அப்படித்தான் இருக்கிறது என்று காட்ட உங்களிடம் ஆதாரம் இல்லை.

மின்னோட்டம் மாறாதவரை, ஆர்க் எவ்வளவு நேரம் எரிகிறதோ அவ்வளவு வெப்பம். 0.06 நொடியில் திறக்க வேண்டியது 0.6 நொடி எடுத்தால் வெப்பம் பத்து மடங்கு. சதுர சென்டிமீட்டருக்கு 3 கலோரி என்று லேபிள் சொல்லும் இடத்தில் 30 கலோரி அடிக்கும். 8 கலோரி வரை தாங்கும் உடை போட்டிருப்பவரை அந்த உடை காப்பாற்றாது. வெறும் தோலில் இரண்டாம் நிலைத் தீக்காயம் வர 1.2 கலோரியே போதும்.

பெரும்பாலும் சிக்கல் கிரீஸில்தான். வருடக்கணக்கில் ஆன் நிலையிலேயே நிற்கும் பிரேக்கரில் கிரீஸின் எண்ணெய் பிரிந்து, மிச்சம் பசைபோல் இறுகி, லாட்ச் (பிரேக்கரைப் பிடித்து வைக்கும் கொக்கி) ஒட்டிக்கொள்ளும். முதல் டிரிப் தாமதமாகும். அந்த அசைவிலேயே ஒட்டல் விட்டுப்போய் அடுத்தடுத்த டிரிப்புகள் சரியாக இருக்கும். நாலு தடவை ஆன்-ஆஃப் செய்துவிட்டுச் சோதித்தால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் அறிக்கை வரும். ஆனால் ஆர்க் வரும் நாளில் நடப்பது அந்த முதல் டிரிப்தான்!

பிரேக்கரை வெளியே இழுக்க ஒருமுறை திறந்தே ஆகவேண்டும். அந்தத் திறப்பை வீணாக்காதீர்கள். முகப்பில் அதிர்வு சென்சார் ஒட்டி, ஆட்களைத் தள்ளி நிறுத்தி, ரிமோட்டில் டிரிப் கொடுத்து நேரத்தைப் பதிவு செய்யுங்கள். பிறகு, பிரேக்கர் வழியாகவே பெரிய மின்னோட்டத்தைச் செலுத்திச் சோதிக்கும் பிரைமரி இன்ஜெக்‌ஷன். செகண்டரி இன்ஜெக்‌ஷன் டிரிப் யூனிட்டை (எப்போது திறக்க வேண்டும் என முடிவெடுக்கும் பகுதி) மட்டுமே சோதிக்கும், சி.டி.யில் (மின்னோட்டத்தை அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) உள்ள பழுது அதில் சிக்காது. எலக்ட்ரானிக் டிரிப் யூனிட் என்றால் வயதான கெப்பாசிட்டர்களையும் சந்தேகப்படுங்கள்.

சோதனை முடியும்வரை, இந்த பிரேக்கர் இல்லை என்றே வைத்து, மேலே உள்ள பிரேக்கரோ ஃபியூஸோ துண்டிக்கும் நேரத்தைக் கணக்கில் எடுங்கள். அதே பேனலுக்குள் இருக்கும் இன்கமரையும் (பேனலுக்கு மின்சாரம் உள்ளே வரும் பிரேக்கர்) நம்பக் கூடாது; ஆர்க் அதன் சப்ளை பக்கத்துக்கே தாவக்கூடும். நேரம் நீண்டால் 2 நொடியோடு நிறுத்தலாம் என ஆர்க் ஃபிளாஷ் கணக்குக்கான ஐ.இ.இ.இ. 1584 தரநிலை இடம் தருகிறது. ஆனால் அது விலகி ஓட வழி உள்ள இடத்துக்குத்தான். குறுகிய அறையில் குனிந்து வேலை செய்பவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. கணக்கு மோசமாக வந்தால் ஷட்டவுன் எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

ஒரு பிரேக்கரில் முதல் டிரிப் தாமதமானால், அதை மட்டும் சர்வீஸ் செய்து திருப்திப்படாதீர்கள். அதே வயதில், அதே பேனலில் நிற்கும் மற்றவையும் தாமதமாகும் என்றே எடுத்துக்கொண்டு, லேபிள்களை அன்றே மாற்றுங்கள்.