நானோகுழாயைச் சுற்றாத சங்கிலி

அன்புள்ள ஐயா,

பாலிமர் ஒன்று கார்பன் நானோகுழாயில் எப்படி ஒட்டுகிறது என்று லாம்ப்ஸில் (அணுக்களின் அசைவைக் கணிக்கும் மென்பொருள்) ஓட்டிப் பார்க்கிறேன். (10,10) வகைக் குழாய், 60 ஆங்ஸ்ட்ராம் நீளப் பெட்டி, 40 அலகுள்ள ஒரே பாலிஎத்திலீன் சங்கிலி, வெற்றிடம், 300 கெல்வின், 2 நானோசெகண்ட். முதல் ஓட்டத்திலேயே ஆற்றல் எகிறியதால் குழாயை அசையாமல் நிறுத்திவிட்டேன். இப்போது வெப்பநிலை 60 கெல்வின் அருகிலேயே நிற்கிறது. சங்கிலியும் கட்டுரைப் படங்களில் வருவதுபோல் சுற்றாமல் குழாயோடு நீளவாக்கில் படுத்துவிடுகிறது. அணுக்களிடையே ஈர்ப்பின் வலிமையைக் குறிக்கும் எப்சிலானைக் கூட்டினால் சுற்றுமா?

— க.

அன்புள்ள க.,

எப்சிலானைத் தொடாதீர்கள். வேண்டிய படம் வரும்வரை அதைத் திருகினால் கிடைப்பது பாலிஎத்திலீனே அல்ல. முதலில் பெட்டியைச் சரிசெய்யுங்கள்.

பெட்டியின் ஒரு முனை மறுமுனையோடு தொடர்வதாகவே கணக்கு ஓடுகிறது; குழாயும் அங்கே பொருந்த வேண்டும். (10,10) குழாயில் திரும்பத் திரும்ப வரும் அலகு அச்சுவாக்கில் 2.46 ஆங்ஸ்ட்ராம். 24 அலகு வைத்தால் 59.04. நீங்கள் 60 என்று முழு எண்ணாக்கியதால் மிச்சமுள்ள 0.96 முழுக்க எல்லையைக் கடக்கும் பிணைப்புகள் மேல் விழுகிறது. 1.42 இருக்க வேண்டிய பிணைப்பு 2.30 ஆகிறது, ஆற்றல் எகிறியது அதனால்தான். மினிமைஸ் செய்து ஆற்றலைக் குறைத்தாலும் 1.6 சதவீத இழுப்பு குழாய் முழுக்கப் பரவி நிற்கும். குழாயின் விறைப்பைக் காட்டும் யங் குணகம் 1 டெராபாஸ்கல் என்று கொண்டால் அது 16 கிகாபாஸ்கல் தகைவு! குழாயை நிறுத்தியதால் அந்தப் பிளவு போய்விடவில்லை.

அடுத்தது சங்கிலியின் நீளம். 40 அலகு நேராக நீண்டால் சுமார் 101 ஆங்ஸ்ட்ராம். 59 ஆங்ஸ்ட்ராம் பெட்டியில் அது படுத்தால் எல்லையைத் தாண்டிப்போய்த் மறுபக்கம் தொடரும் தன் பிம்பத்தின் மேலேயே இடிக்கும். குழாய்க்கு 48 அலகு வையுங்கள்: 118.08 ஆங்ஸ்ட்ராம், 1920 கார்பன். கட்ஆஃப், அதாவது விசையைக் கணக்கிடும் எல்லைத் தூரம், 12 என்றால் சங்கிலியின் முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே போதிய இடம் இருக்கும்.

60 கெல்வின் கணக்கு எளிது. திரையில் வருவது எல்லா அணுக்களுக்குமான சராசரி. அசையாத 960 அணுவும் அதில் சேர்கிறது. அசைபவை சங்கிலியின் 242 மட்டும். 300ஐ 242ஆல் பெருக்கி 1202ஆல் வகுத்துப் பாருங்கள். சங்கிலி 300இல்தான் இருக்கிறது. இதைப் பார்த்துத் தெர்மோஸ்டாட்டை (வெப்பநிலைக் கட்டுப்பாட்டை) ஏற்றிவிட்டால்தான் வம்பு. பாலிமர் குழுவுக்குத் தனியாக வெப்பநிலை கணித்து, அதையே அச்சிடச் சொல்லுங்கள். வெற்றிடத்தில் ஒற்றைச் சங்கிலிக்கு நோசே-ஹூவர் தெர்மோஸ்டாட்டைவிட லாஞ்செவின் தெர்மோஸ்டாட் நம்பகமானது.

இனி நீங்கள் கேட்ட சுற்றல். பாலிஎத்திலீன் முதுகெலும்பு டிரான்ஸ் நிலையை, அதாவது நேராக நீண்ட வடிவத்தை, விரும்புவது. குழாயின் ஆரம் 6.8, சங்கிலி அமரும் தூரத்தையும் சேர்த்தால் 10.5 ஆங்ஸ்ட்ராம் அளவில் வளைய வேண்டும். அச்சோடு படுத்தாலோ வளையாமலே எல்லா அலகும் பரப்பைத் தொடும். ஆக, அது படுப்பதே இயல்பு. பிஎம்பிவி (பென்சீன் வளையங்கள் கொண்ட ஒரு பாலிமர்) போன்றவற்றில் வளையத்தின் நேரெதிர் முனைகளில் அல்லாமல் கோணத்தில் சேரும் மெட்டா இணைப்பு முதுகெலும்பிலேயே வளைவைக் கொடுத்துவிடுகிறது. சுருளாகச் சுற்றும் படங்கள் பெரும்பாலும் அந்த வகைப் பாலிமர்களுக்கு உரியவை.

ஆனாலும் ஒரே ஓட்டத்தை நம்பி முடிவு சொல்லக் கூடாது. 300 கெல்வினில் ஒட்டிய சங்கிலி எளிதில் இடம் மாறாது. தொடக்க வடிவமே முடிவாக நின்றுவிடும். வெவ்வேறு ஐந்து வடிவங்களில் தொடங்கி, 500 வரை ஏற்றி, மெல்ல 300க்கு இறக்குங்கள். தொடக்கத்தில் சங்கிலியின் ஒரு பகுதியாவது கட்ஆஃபுக்குள் இருக்கட்டும். இல்லையென்றால் குழாய் இருப்பதே அதற்குத் தெரியாது. பிறகு கரைப்பான் சேர்த்து அழுத்தக் கட்டுப்பாடு வைக்கும்போது குறுக்குத் திசைகளில் மட்டும் வையுங்கள். அச்சுத் திசையையும் விட்டால் அந்த 118.08 நகர்ந்து பழைய இழுப்பு திரும்பிவிடும்.