இடியாப்பத்தில் நுனி எது?

கேள்வி: அண்ணன் தம்பி மூவருக்குள் பூர்வீகச் சொத்து வழக்கு 9 ஆண்டுகளாக நடக்கிறது. "இது இடியாப்பச் சிக்கல், தீர்க்கவே முடியாது" என்கிறார் வக்கீல். அந்தச் சொல்லுக்குத் தீர்க்க முடியாதது என்றுதான் பொருளா? - ஒரு வாசகர்

பதில்: முதல் பாதி தமிழ். இரண்டாம் பாதி வக்கீலின் சொந்தச் சரக்கு.

(நீங்கள் 'இடியாப்ப சிக்கல்' என்று எழுதியிருந்தீர்கள். மரப்பெட்டியில் 'ப்' வருவதுபோல் இங்கே 'ச்' வரும், சேர்த்துவிட்டேன்.)

சிக்கு என்றால் மாட்டிக்கொள்வது. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துச் சிக்கலில், வசிஷ்டர் வெண்ணெயால் செய்த லிங்கம் எடுக்க வராமல் சிக்கிக்கொண்டதால்தான் ஊருக்கு அந்தப் பெயர் என்கிறது தலபுராணம். தலைமுடியில் விழுந்த சிக்கு, நுனியிலிருந்து பொறுமையாகச் சீவினால் போய்விடும். இடியாப்பம் வேறு ரகம். அச்சின் துளைக்கு ஓர் இழையாக இறங்கி, ஒன்றன்மேல் ஒன்று சுழன்று விழுந்து, ஆவியில் வெந்து ஒட்டிக்கொள்கிறது. ஓர் இழையைப் பிடித்து இழுத்தால் பக்கத்து நாலு இழையும் சேர்ந்து வரும், இல்லையேல் அறுந்துபோகும். தொடக்கம் எது, முடிவு எது என்று தெரியவில்லை, ஒன்றைத் தொட்டால் மற்றது அசைகிறது என்பதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது. முடியாது என்று சொல்லவில்லை.

முடியவே முடியாததில் பெரும்பாலும் சிக்கலே இருப்பதில்லை. வட்டத்தின் பரப்புக்குச் சமமான சதுரத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய வேண்டும் என்ற கணக்கு, பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் முயன்றார்கள். 1882இல் ஜெர்மன் கணிதர் லிண்டெமன், பை (π) எப்படிப்பட்ட எண் என்று நிறுவி, அது நடக்காது என்று காட்டிவிட்டார். இதைத் 'தீர்வற்றது' என்று எழுதுங்கள். பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1637 வாக்கில் நிரூபணம் எழுதாமல் விட்டுப்போன கணக்கு அப்படியல்ல. ஆங்கிலேயக் கணிதர் வைல்ஸின் நிரூபணம் 1995இல் அச்சேறும்வரை அது 'தீராதது', அவ்வளவுதான். தீராததற்கும் தீர்வற்றதற்கும் உள்ள தூரம், உங்கள் வக்கீலுக்குக் கொடுக்கும் ஃபீஸ் அளவு.

இடியாப்பச் சிக்கலை, கோர்டியன் முடிச்சு (கோர்டியம் நகரில் ஒரு வண்டியில் கட்டியிருந்த, யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு) என்று சிலர் மொழிபெயர்த்து எழுதுகிறார்கள். கி.மு. 333இல் அலெக்சாந்தர் அதை வாளால் வெட்டினார் என்பது எல்லோரும் அறிந்த கதை. கூடவே போன அரிஸ்டோபுலஸ் சொன்னது வேறு: முடிச்சைப் பிணைத்திருந்த வண்டியின் முளையை உருவினார், முடிச்சு தானாக நெகிழ்ந்தது. எனக்கு இந்தக் கதைதான் பிடிக்கும்.

அடுத்த வாய்தாவில் வக்கீலிடம் இழைகளை எண்ணச் சொல்லுங்கள்: மூலப் பத்திரம், வாரிசுச் சான்று, பட்டா, பெரிய அண்ணன். நாலோடு நின்றுவிட்டால் அது இடியாப்பமே இல்லை.