தொடர்ந்து பட்டம் வெல்பவர் ஒரு கட்டத்தில் தோற்பது ஏன்?

விம்பிள்டன் டென்னிஸ் பட்டத்தை ஐந்து முறை தொடர்ந்து வென்ற ரோஜர் ஃபெடரர் 2008இல் தோற்றது வயதாலா என்று லாஸ்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்போது அவருக்கு 26 வயதுதான். ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம். விம்பிள்டன் போன்ற கிராண்ட் ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகள்) பட்டத்துக்கு ஏழு ஆட்டங்களை வெல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் வெல்லும் வாய்ப்பு 95 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், ஏழு ஆட்டங்களையும் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. ஐந்தாண்டுகள் தொடர்ந்து வெல்வதற்கோ ஆறில் ஒரு பங்கு வாய்ப்பே மிஞ்சுகிறது.

அடுத்தது எதிராளி. முதலிடத்தில் இருப்பவரின் ஆட்டத்தை எல்லோரும் பாடமாகப் படிக்கிறார்கள். 2008இல் ஃபெடரரை வென்ற ரஃபேல் நடாலின் இடக்கை ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னோக்க அடிக்கும் அடி), கனத்த சுழற்சியோடு எழும்பி, ஃபெடரரின் ஒற்றைக்கை பேக்ஹேண்டைத் (புறங்கை முன்னோக்க அடிக்கும் அடி) தோளுயரத்தில் ஆட வைத்தது. களிமண் தரையில் பலித்த அந்த உத்தி, 2006, 2007 விம்பிள்டன் இறுதிகளில் போதாமல் போய், 2008இல் ஐந்தாவது செட்டில் 9-7 என்று ஒருவழியாகப் புல்தரையிலும் பலித்தது. அதே நடாலைக் களிமண் தரையில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பனின் 2009 நான்காம் சுற்றில் ராபின் சோடர்லிங் வீழ்த்தினார். நெடிய உருவம் கொண்ட அவருக்கு, மற்றவர்களைத் திணறடித்த அந்தப் பந்து தட்டையாக ஓங்கி அடிக்கத் தோதான உயரத்திலேயே வந்தது. (புதுச்சேரியில் பிரெஞ்சு ஓப்பனைத் தவறாமல் பார்ப்பவர்களிடம் இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சு லேசில் முடியாது.)

காயமும் குறுக்கிடும், 2016இல் மணிக்கட்டுக் காயத்தால் நடால் பிரெஞ்சு ஓப்பனிலிருந்து பாதியில் விலகினார். வயதைக் காரணமாகச் சொல்வது டென்னிஸ் வீராங்கனை மார்டினா நவரத்திலோவாவுக்கே கூடுதலாகப் பொருந்தும்: 1982 முதல் ஆறு முறை தொடர்ந்து விம்பிள்டனை வென்றவர், 1988 இறுதியில், தம் 31ஆம் வயதில், 19 வயது ஸ்டெஃபி கிராஃபிடம் தோற்றார்.